அட்டவணையின் கடைசி வரி

ஆண்டு மலரோ ஆண்டறிக்கையோ கைக்கு வந்தவுடன் நம் அன்பர்கள் செய்வதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அருளுரையையும் வாழ்த்துச் செய்திகளையும் மரியாதையாகப் புரட்டிவிட்டு, நன்கொடைக் கணக்கு அட்டவணை இருக்கும் பக்கத்தில் நிற்பார்கள். தம் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு விரலை நேரே கீழே இறக்கிக் கடைசி வரியில் வைப்பார்கள். நடுவில் உள்ள வரிகளைப் பொறுமையாகப் படிப்பவர் மிகச் சிலரே. ஆகையால் ஓர் அட்டவணையில் அதிகம் படிக்கப்படுவது அதன் கடைசி வரிதான். அந்த வரியில் என்ன எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது நாங்களே செய்த ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு பக்க அறிக்கையை அனைவருக்கும் வழங்கினோம். அவ்வாண்டுதான் முதன்முதலாகக் கணினியில் அழகாகக் கட்டம் போட்டு, நிறம் பூசி, அச்சிட்டிருந்தோம். அட்டவணையின் அடியில் “மொத்தம்” என்று ஒரு வரி. அதற்குக் கீழே, கணினி தருகிறதே என்று, “நன்கொடையாளர் ஒருவருக்குச் சராசரி” என்று இன்னொரு வரி. அதில் சில நூறு வெள்ளி என்று ஒரு தொகை நின்றது. மருத்துவமனையில் ஆயாவாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் எனக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். அறிக்கையை வாங்கிப் பார்த்தவர், கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்த உறையை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது மெல்லக் கேட்டேன். “எல்லாரும் இவ்வளவு கொடுக்கிறாங்கன்னு தெரியாம அம்பது வெள்ளியை நீட்ட வந்தேன் ஐயா, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்” என்றார்.

எல்லாரும் அவ்வளவு கொடுக்கவில்லை. ஒருவர்கூட அவ்வளவு கொடுக்கவில்லை என்பதே உண்மை.

விளக்கத்திற்காக எண்களை மாற்றிச் சொல்கிறேன். ஒன்பது பேர் நன்கொடை தந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். இருவர் 20 வெள்ளி, ஒருவர் 30, மூவர் 50, இருவர் 100, ஒரு வணிகப் பெருமகனார் 5,000. கூட்டினால் 5,420 வெள்ளி. ஒன்பதால் வகுத்தால் தலைக்கு 602 வெள்ளி. அட்டவணையில் 602 என்றோ அதற்கு அண்மையிலோ ஒரு தொகையும் இல்லை; எட்டுப் பேர் 100 வெள்ளியோ அதற்குக் குறைவோதான் தந்திருக்கிறார்கள். இப்போது அந்த ஒன்பது தொகைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நட்டநடுவில் நிற்கும் ஐந்தாவது தொகையைப் பாருங்கள். அது 50. இதைத்தான் பாடநூல்களில் இடைநிலை அளவு என்று கற்பித்தோம். பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். அந்தப் பெருமகனார் 5,000-க்குப் பதில் 50,000 தந்திருந்தாலும் இடைநிலை அளவு 50-லேயே நிற்கும். சராசரியோ 5,600 வெள்ளியைத் தாண்டிப் போய்விடும். அந்த அம்மையாரின் உறையில் இருந்தது அவ்வட்டவணையின் நடுத் தொகை. அதை நாங்கள் அச்சிடவில்லை.

சராசரி பொய்யான எண் என்று நான் சொல்ல வரவில்லை. வரும் ஆண்டில் இத்தனை பேர் தந்தால் மொத்தம் எவ்வளவு சேரும் என்று பொருளாளர் திட்டமிடுவதற்குச் சராசரிதான் உதவும். இடைநிலை அளவைத் தலை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வராது. ஆனால் “நம்மைப் போன்ற ஒருவர் என்ன தருகிறார்” என்று அறிய விரும்பும் அன்பருக்கு இடைநிலை அளவே பதில். கேள்வி வேறு, ஆகவே எண்ணும் வேறு.

நம் நாட்டின் புள்ளிவிவரத் துறை இதை நன்கு கையாளுகிறது. குடும்ப வருமான ஆய்வை வெளியிடும்போது அத்துறை இரண்டு எண்களையும் அருகருகே தருகிறது. 2022-ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. இடைநிலை வருமானம் 6,338 வெள்ளி. இடைவெளி இரண்டாயிரத்துக்கும் மேல். 2019-இலும் அப்படியே: சராசரி 7,901, இடைநிலை 5,873. உச்சியில் இருக்கும் குடும்பங்களின் பெரிய வருமானம் சராசரியை மேலே இழுக்கிறது. நம் வருமானம் 7,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 2022-இன் சராசரியைப் பார்த்து நாம் பின்தங்கிவிட்டோம் என்று கவலைப்படுவோம்; இடைநிலையைப் பார்த்தால் நாட்டின் பாதிக் குடும்பங்களுக்கு மேலே இருக்கிறோம் என்று தெரியும். இரண்டும் உண்மையே.

அதே அட்டவணையில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. 2019-க்கும் 2022-க்கும் இடையில் நாட்டின் இடைநிலை வருமானம் உயர்ந்தது என்று கண்டோம். ஆனால் கோலாலம்பூரின் வரியைத் தனியே பார்த்தால், 10,549 வெள்ளியாக இருந்தது 10,234 ஆகக் குறைந்திருக்கிறது. சிலாங்கூரில் 8,210-லிருந்து 9,983 ஆக உயர்ந்திருக்கிறது. கடைசி வரியை மட்டும் படித்தவருக்குத் தலைநகரில் நடந்தது தெரியாமலே போயிருக்கும். தொகை வரி மேல் வரிகளுக்குப் பதிலாகாது. மேலே போய்ப் பார்க்க ஒரு காரணம் தருவதோடு அதன் வேலை முடிகிறது.

இனி கணினிக்கு வருவோம். அந்தப் பொதுக்கூட்டத்திற்குப் பின், ஆறாம் ஆண்டில் என்னிடம் கணக்குப் படித்த மாணவர் ஒருவரை அழைத்தேன். இப்போது அவருக்கே நரை விழுந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் நிறுவன அறிக்கைகள் தயாரிக்கும் பணியில் இருக்கிறார். இத்துறையை ‘பிசினஸ் இன்டலிஜென்ஸ்’ என்கிறார்கள். இச்சொல் புதியதன்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இலேயே இதைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். பெயர் பெரிதாக இருந்தாலும், அன்றாடம் நடக்கும் விற்பனை, வரவு, செலவு ஆகியவற்றைத் திரட்டி, முடிவெடுப்பவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி அட்டவணையாகவும் படமாகவும் காட்டுவதே இதன் சாரம். அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தலைமை எழுத்தர்கள் பேரேட்டில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டு அடியில் எழுதிய தொகையும் இதே வேலையைத்தான் செய்தது.

வேறுபாடு ஒன்று உண்டு. அந்த எழுத்தர் கூட்ட வேண்டியதை மட்டுமே கூட்டினார். கணினியோ எண்ணாக இருக்கும் எதையும் கூட்டிவிடும். மாணவர் தம் மடிக்கணினியைத் திறந்து பவர் பிஐ என்ற மென்பொருளில் எங்கள் பட்டியலை ஏற்றிக் காட்டினார். ‘ஆண்டு’ என்ற பத்தியில் 2021, 2022, 2023 என்று மூன்று வரிகள். அடியில் ‘மொத்தம் 6,066’ என்று வந்து நின்றது. ஆண்டுகளைக் கூட்டி என்ன செய்வது? சிரித்துவிட்டோம். ரசீது எண்ணையும் அது அப்படியே கூட்டியிருந்தது. “சார், கம்ப்யூட்டருக்கு எண்ணுன்னா கூட்டணும்னுதான் தெரியும். எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக்கூடாதுன்னு நீங்கதான் ஒவ்வொரு பத்திக்கும் சொல்லணும்” என்றார். கூட்டுத்தொகை, சராசரி, இடைநிலை, சிறுமம், பெருமம், எண்ணிக்கை, ஒருமுறை மட்டும் எண்ணும் எண்ணிக்கை என்று பட்டியல் விரிகிறது; ஒவ்வொரு பத்திக்கும் உரியதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது அடியை வெறுமையாக விட வேண்டும். வெறுமையாக விடுவதற்குத்தான் துணிவு வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் ஏதோ குறை என்று செயலவையில் எவராவது கேட்பார்கள்.

எக்செல் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. தொகைப் பத்தியில் எவராவது ஓரிடத்தில் “பிறகு தருவார்” என்று எழுத்தால் எழுதிவைத்தால், அப்பட்டியலிலிருந்து பைவட் டேபிள் என்னும் தொகுப்பு அட்டவணை செய்யும்போது, அது வெள்ளியைக் கூட்டாமல் எத்தனை வரிகள் என்று எண்ணிக் காட்டத் தொடங்கிவிடும். நாற்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் 312 என்று வந்தால் பணம் காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம். முதலில் அந்த எழுத்தைத் தேடுங்கள். குறிப்புகளுக்கென்று தனிப் பத்தி வைப்பது நல்லது.

சராசரிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தல்

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ஆசிரியப் பணியில் அதிகம் எதிர்ப்பட்ட தவறு. ஒரு டியூஷன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம், எண்கள் கற்பனையே. பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் 20 மாணவர்கள், எஸ்.பி.எம். கணிதத்தில் 18 பேர் தேர்ச்சி. 90 விழுக்காடு. கிள்ளான் வகுப்பில் 80 மாணவர்கள், 40 பேர் தேர்ச்சி. 50 விழுக்காடு. கடைசி வரியில் என்ன எழுதுவது? 90-ஐயும் 50-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து ‘70 விழுக்காடு’ என்று எழுதுவோரே அதிகம். ஆனால் மொத்தம் 100 மாணவர்களில் 58 பேர்தான் தேறியிருக்கிறார்கள். 70 என்று படித்தால் “பரவாயில்லை” என்று செயலவை அடுத்த பொருளுக்குப் போய்விடும். 58 என்று படித்தால் கிள்ளானுக்கு இன்னொரு கணித ஆசிரியர் வேண்டாமா என்று எவராவது கேட்பார். பன்னிரண்டு விழுக்காட்டு இடைவெளியில் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதைப் பற்றிக் கணினி உலகில் தெளிவாக எழுதியவர்களுள் ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய சகாக்களும் 1996-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே ‘துணைத் தொகைகள்’ என்ற பொருள்பட்ட சொல் இடம்பெறுகிறது. தொகை வரியில் இடம்பெறும் எண்களை அவர்கள் மூன்று இனமாகப் பிரித்தார்கள். அவர்கள் வைத்த பெயர்கள் கடினமானவை. நம் மடைப்பள்ளியை வைத்துச் சொல்கிறேன்.

முதல் இனம், மொத்தமும் எண்ணிக்கையும் சிறுமமும் பெருமமும். காலையில் 40 கிலோ அரிசி, மாலையில் 60 கிலோ அரிசி சமைத்தால் நாள் முழுவதற்கும் 100 கிலோ. இரு வேளைக் கணக்கைச் சேர்த்தால் போதும். மடைப்பள்ளிக்குப் போய் மீண்டும் அளக்க வேண்டியதில்லை. இரண்டாம் இனம், சராசரியும் விழுக்காடும். ஒரு வேளைக்குத் தலைக்கு எவ்வளவு அரிசி என்ற இரு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நாளின் சராசரியைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வேளையிலும் எத்தனை பேர் உண்டார்கள் என்ற துணையெண்ணும் வேண்டும். அது கையில் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம். மூன்றாம் இனம் இடைநிலை அளவு. அதற்குக் குறுக்கு வழியே இல்லை. காலைப் பட்டியலின் நடுவையும் மாலைப் பட்டியலின் நடுவையும் வைத்துக்கொண்டு நாளின் நடுவைக் கண்டுபிடிக்க முடியாது. இரு பட்டியல்களையும் ஒன்றாகக் கலந்து, வரிசைப்படுத்தி, மீண்டும் எண்ண வேண்டும்.

இதைச் சற்று முன் கண்ட வருமானக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். கோலாலம்பூரையும் சிலாங்கூரையும் சேர்த்து ஒரே வரியாகக் காட்ட விரும்புகிறோம் என்று கொள்வோம். 2022-இல் சராசரி வருமானம் கோலாலம்பூரில் 13,325 வெள்ளி, சிலாங்கூரில் 12,233 வெள்ளி. இரண்டையும் கூட்டி வகுத்தால் 12,779 வருகிறது. ஆனால் சிலாங்கூர் பெரிய மாநிலம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 69 லட்சத்து 94 ஆயிரம் பேர், கோலாலம்பூரில் 19 லட்சத்து 82 ஆயிரம் பேர். மூன்றரை மடங்கு. இந்த எடையைக் கொடுத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 12,470 வெள்ளிதான் வருகிறது. (சரியாகச் செய்ய, தலைகளுக்குப் பதில் குடும்பங்களின் எண்ணிக்கையை எடையாக வைக்க வேண்டும், வழிமுறையைக் காட்டவே இந்தக் கணக்கு.) இடைநிலை வருமானமான 10,234-ஐயும் 9,983-ஐயும் இப்படிச் சேர்க்க இயலாது. எந்த எடையைக் கொடுத்தாலும் வரும் எண்ணுக்கு இடைநிலை என்ற பெயரைச் சூட்ட உரிமையில்லை. புள்ளிவிவரத் துறையிடம் இருக்கும் குடும்பவாரிப் பட்டியலுக்கே திரும்பிப் போக வேண்டும்.

நல்ல அறிக்கை மென்பொருள்கள் இதை அறிந்தே இயங்குகின்றன. பவர் பிஐ அட்டவணையில் சராசரிப் பத்தியின் அடிவரி, மேலே தெரியும் சராசரிகளைப் பார்ப்பதே இல்லை; மூலப் பட்டியலுக்குப் போய் முழுவதற்கும் புதிதாகக் கணக்கிடுகிறது. இதை அறியாத ஒருவர் கால்குலேட்டரை எடுத்து மேல்வரிகளைத் தட்டிப் பார்த்து, “கணினி தவறு செய்கிறது” என்று எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்றார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. அடிக்குறிப்பாக ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த இருபது நிமிடம் மிஞ்சியிருக்கும்.

ஒருவரை எத்தனை முறை எண்ணுவது?

மாதவாரி அட்டவணையில் ‘நன்கொடையாளர் எண்ணிக்கை’ என்ற பத்தி இருக்கிறது. ஜனவரியில் 120 பேர், பிப்ரவரியில் 110, மார்ச்சில் 130. கூட்டினால் 360. ஆனால் மாதந்தோறும் தவறாமல் தரும் அன்பர் இந்த 360-க்குள் மூன்று முறை இருக்கிறார். ஆளை ஒருமுறை மட்டும் எண்ணினால் 150 பேர் என்றுகூட ஆகலாம். “360 நன்கொடையாளர்களின் ஆதரவுடன்” என்று அழைப்பிதழில் பெருமையாக அச்சிட்டால், அத்தனை பேருக்கும் இலை போட மண்டபத்தில் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். வருவதோ அதில் பாதிகூட இருக்காது. வெள்ளிப் பத்தியைக் கூட்டலாம். ஆட்கள் பத்தியைக் கூட்டக் கூடாது. ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளுக்கு வேறு வேறு விதி.

ஆளை ஒருமுறை எண்ணுவது சொல்வதற்கு எளிது. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது படும் பாடு உங்களுக்குத் தெரியும். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயர் ரசீதுப் புத்தகத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தால் கணினிக்கு அவர் மூன்று பேர். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால் வந்தால் இன்னும் இரண்டு பேர். எங்கள் பட்டியலைச் சரிசெய்ய இரண்டு இளைஞர்கள் மூன்று வார இறுதிகளைச் செலவிட்டார்கள். அதன் பிறகே ஒவ்வோர் அன்பருக்கும் ஓர் உறுப்பெண் கொடுத்தோம். ரசீது எழுதும்போது அந்த எண்ணைக் கேட்டால் தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள்.

உண்டியல் பணத்தால் வந்த விசித்திரமான குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உண்டியலில் போடுபவருக்குப் பெயர் இல்லை. ஆகவே பெயர்ப் பத்தி காலியாக, தொகை மட்டும் பெரிதாக ஒரு வரி இருந்தது. அதுவோ பட்டியலின் அடியில் அமர்ந்திருந்தது. பார்த்தவர் பலர் அதுவே மொத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாணவரிடம் சொன்னபோது, இது உலகெங்கும் உள்ள சங்கடம்தான் என்றார். தரவுத்தளங்கள் தொகை வரியை உருவாக்கும்போது பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விடுகின்றன. உண்மையிலேயே பெயர் தெரியாத வரியும் வெறுமையாகவே இருக்கும். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய இயலாது. நான் முன்பு சொன்ன 1996-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிரே குழுவினர் தொகை வரியில் ‘அனைத்தும்’ என்ற சொல்லை இடச் சொன்னது இதற்காகவே. நாங்கள் உண்டியல் வரியில் ‘உண்டியல், பெயரில்லாதோர்’ என்றும், தொகை வரியில் ‘அனைத்தும்’ என்றும் எழுதி, இரண்டுக்கும் நடுவே தடித்த கோடு ஒன்றும் போட்டோம். பழைய ரயில்வே எழுத்தரின் சிவப்புக் கோடு திரும்பி வந்துவிட்டது.

சராசரி எங்கே இருந்தாலும், அது இடைநிலையாக இருந்தாலும், அதன் பக்கத்தில் எத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டது என்ற எண் இருந்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். காரணம் வகுப்பறையில் கற்றது. பத்து மாணவர்களின் மதிப்பெண்கள் 20, 25, 30, 50, 55, 60, 65, 70, 80, 85 என்று கொள்வோம். சராசரி 54. அடுத்த தவணையில் கடைசி மூவரும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்ற எழுவரும் அதே மதிப்பெண்தான் பெற்றார்கள். சராசரி 66 ஆகிவிடும். எந்தப் பிள்ளையும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக வாங்கவில்லை. உதவி அதிகம் தேவைப்பட்ட மூவர் நம் கையை விட்டுப் போய்விட்டார்கள். அறிக்கையோ பன்னிரண்டு மதிப்பெண் முன்னேற்றம் என்று நன்கொடையாளருக்கு நற்செய்தி சொல்கிறது. இடைநிலை அளவும் இங்கே காப்பாற்றாது, அதுவும் 57.5-லிருந்து 65-க்கு ஏறிவிடும். ‘10 பேர்’ என்பது ‘7 பேர்’ ஆனதை அச்சிட்டால் மட்டுமே அந்த மூன்று வீட்டுக் கதவையும் எவராவது போய்த் தட்டுவார்கள்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் தொகை வரிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-இல் காட்டினார். தலா பதினொரு இணை எண்கள் கொண்ட நான்கு பட்டியல்களை அவர் உருவாக்கினார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே. பரவல் ஏறத்தாழ ஒன்றே. இரு எண்களுக்கும் உள்ள தொடர்பின் அளவும் ஒன்றே. படமாக வரைந்தால் ஒன்று நேர்க்கோட்டை ஒட்டிய சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்று நேர்க்கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி விலகியது, ஒன்று செங்குத்தான வரிசையும் தொலைவில் தனித்த ஒரு புள்ளியும். அடிவரியை மட்டும் அச்சிட்டிருந்தால் நான்கும் ஒரே கணக்கு என்றே எவரும் சொல்வர்.

சிறிய செய்திகள் இரண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சென் காசை விட்டு வெள்ளிக்கு முழுமைப்படுத்தி அச்சிடும்போது மேல்வரிகளின் கூட்டு அடிவரியோடு ஒன்றிரண்டு வெள்ளி பொருந்தாமல் போகலாம். 10.40 வெள்ளி மூன்று வரி இருந்தால் ஒவ்வொன்றும் 10 என்று தெரியும், மொத்தம் 31.20, ஆகவே 31 என்று தெரியும். எவரும் ஒரு வெள்ளியை எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி அச்சிட்டால் “முழுமைப்படுத்தியதால் சிறு வேறுபாடு இருக்கலாம்” என்று கீழே குறித்துவிட வேண்டும். நாங்கள் சென் வரை அச்சிட்டுவிடுகிறோம்; நம்மிடையே கால்குலேட்டரோடு வரும் அன்பர்கள் அதிகம். மற்றொன்று, எக்செல் பட்டியலில் கிள்ளான் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும்போது, சாதாரணக் கூட்டல் சூத்திரம் மறைந்திருக்கும் வரிகளையும் சேர்த்தே காட்டும். ‘சப்டோட்டல்’ என்ற சூத்திரம் வடிகட்டலில் மறைந்த வரிகளை விட்டுவிடும். நடுவில் வரும் துணைத் தொகைகளையும் இரண்டாம் முறை கூட்டாது. எது வேண்டும் என்று தெரிந்து போட்டால் இரண்டும் நல்லவைதான்.

இவ்வளவையும் பேசி முடித்துச் செயலவையில் ஒரு மாதிரி அட்டவணையை வைத்தேன். நன்கொடைப் பத்தியின் அடியில் நான்கு வரிகள்: அனைத்தும் சேர்ந்த தொகை, தந்தவர்கள் எத்தனை பேர், ஆளை ஒருமுறை எண்ணி, நடுவில் நிற்கும் நன்கொடை, மிகச் சிறியதும் மிகப் பெரியதும். ஆண்டு, ரசீது எண் ஆகியவற்றின் அடி வெறுமை. சராசரி, வரும் ஆண்டு வரவுசெலவுத் திட்டப் பக்கத்திற்கு இடம் மாறியது. அங்கேதான் அதற்கு வேலை. ‘இடைநிலை அளவு’ என்ற பாடநூல் சொல் வேண்டாம், யாருக்கும் புரியாது என்று பெரியவர் ஒருவர் சொன்னதால் “பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்” என்று நீட்டி எழுதினோம். வரி நீண்டுவிட்டது, பரவாயில்லை. மிகச் சிறிய தொகையை அச்சிட வேண்டாம், தந்தவர் மனம் வருந்துவார் என்று பொருளாளர் சொன்னார். பேசிப் பார்த்ததில் அது நியாயமாகவே பட்டது. பெயர்ப் பட்டியலும் அதே பக்கத்தில் இருப்பதால் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆகவே அந்த நான்காம் வரியை எடுத்துவிட்டோம்.

மீதி மூன்று வரிகளுக்கும் இடம் போதாமல் பக்கத்தின் அடியில் இருந்த நகைக்கடை வாழ்த்து விளம்பரம் அடுத்த பக்கத்திற்குப் போயிருக்கிறது. கடை உரிமையாளரிடம் முன்பே கேட்டு இசைவு பெற்றுவிட்டோம்.